ஏரிக்கரையில் காட்டாத கை

செம்ப்ரோங் ஏரி இடது பக்கம் வந்தபோது மணி எட்டரை இருக்கும். ஒரு வாரம் விடாமல் பெய்த மழை முந்தின நாள்தான் விட்டிருந்தது. ரோட்டின் நடுவில் ஈரம் காய்ந்துவிட்டது. ஓரத்தில் மட்டும் செம்மண் வண்டல் கோடு கோடாகப் படிந்திருந்தது. செம்பனை ஓலை மட்கிய வாசனை. எனக்குப் பின்னால் பத்தொன்பது சைக்கிள்களின் சங்கிலிச் சத்தம், தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

திடீரென்று 'டப்' என்று ஒரு சத்தம். உடனே இரும்பு தாரில் உரசும் சத்தம். பிறகு பல பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

நான் பிரேக் பிடித்துத் திரும்பிப் பார்த்தேன். செல்வம் ரோட்டில் மல்லாந்து கிடந்தான். இடது தோளில், சட்டைக்குள், கூடாரத்துக்குக் கம்பு வைத்தது போல எலும்பு தூக்கிக்கொண்டு நின்றது. அவனுக்கு ஒரு முழம் பின்னால் ரோட்டோரத்தில் ஒரு குழி. சோற்றுச் சட்டி அளவு. மழையில் புதிதாக விழுந்தது. நான் அதை ஒரு சாண் வித்தியாசத்தில் கடந்து வந்திருந்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை மற்றவர்கள் எனக்குச் செய்ததைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். அன்னாசி ஆலையில் கூலி பிடித்தவர், அறையை விட்டுத் துரத்தியவர், பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டவர். இந்த வாரம் நான் செய்ததை எழுதுகிறேன்.

அந்தக் குழியை நான் காட்டவில்லை. காட்ட வேண்டியது என் வேலை.

முன்னால் போகிறவர் கை

கூட்டமாகச் சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். இருபது பேர் வரிசையாகப் போகும்போது ஒருவர் பின்சக்கரத்துக்கும் அடுத்தவர் முன்சக்கரத்துக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது. அப்படி ஒட்டிப் போனால்தான் முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்வார், பின்னால் வருபவருக்குச் சுமை குறையும். ஆனால் பின்னால் வருபவருக்கு ரோடு தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு முதுகும் ஒரு சக்கரமும்தான்.

அதனால் முன்னால் போகிறவர் கை காட்டுவார். இடது ஓரத்தில் குழி இருந்தால் இடது கையைக் கீழே நீட்டிச் சுட்ட வேண்டும். மணல் என்றால் விரித்த கையை ஆட்ட வேண்டும். பின்னால் வருபவர் அதையே செய்வார். அவருக்குப் பின்னால் இருப்பவரும் செய்வார். கை கையாகக் கடைசி ஆள் வரை செய்தி போய்ச் சேரும்.

புதிதாக யாராவது சேர்ந்தால் ரஹீம் பாய் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். பாய்க்குத் தெப்ராவில் சாப்பாட்டுக் கடை. எங்கள் கூட்டத்தை ஆரம்பித்தவர் அவர்தான். தொப்பையோடுதான் ஆரம்பித்தார், இன்னும் தொப்பையோடுதான் ஓட்டுகிறார்.

"ரோட்ட பாக்காதீங்க, தம்பி. முன்னாடி உள்ளவரு கைய பாருங்க. அவரு கை காட்டலன்னா அங்க குழி இல்ல. அவ்ளோதான் லா."

பதினோரு வருடமாக அந்த முதல் கை என்னுடையது.

மூணு தண்ணி

அந்தப் பாதைக்கு 'மூணு தண்ணி' என்று பெயர் வைத்தது நாங்கள்தான். மச்சாப், செம்ப்ரோங், பெக்கோக். மூன்றுமே அணை கட்டித் தேக்கிய ஏரிகள். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் தெப்ராவிலிருந்து வேன்களில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு மச்சாப் வந்து இறங்குவோம். வெளிச்சம் வந்ததும் கிளம்பினால், வெயில் தலைக்கு ஏறுவதற்குள் மூன்றையும் சுற்றி, குளுவாங் வழியாக மச்சாப்புக்கே திரும்பிவிடலாம்.

மச்சாப்பில் காலையில் பனி தண்ணீரின் மேல் ஒரு ஆள் உயரத்துக்கு நிற்கும். அணை கட்டியபோது மூழ்கிய மரங்கள் இன்னும் மொட்டையாகத் தண்ணீருக்குள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பறவை. செம்ப்ரோங் அகலமானது, வெளிர்பச்சை. கரையில் மாடு மேயும். பெக்கோக் தண்ணீர் கறுப்பு. பின்னால் குன்றுகள் இருப்பதால் மழை முதலில் அங்கேதான் இறங்கும்.

இடையில் எல்லாம் செம்பனைத் தோட்டம். பாதை போடுவது என்றால் வரைபடத்தில் கோடு இழுப்பதல்ல. எந்தத் தோட்டத்தில் ஞாயிறு கேட்டைப் பூட்டுவார்கள், எந்தக் காவல்கார ஜாகா ஒரு சலாம் போட்டால் திறந்துவிடுவார், எந்த வளைவில் மூன்று நாய்கள், எந்த மலாய் மக்சிக் அம்மா கடையில் எட்டு மணிக்கு முன்பே காலைப் பலகாரமான லோந்தோங் தீர்ந்துவிடும். இதெல்லாம் தெரிய வேண்டும்.

எனக்குத் தெரியும். கூட்டத்தில் என்ஜினியர் இருந்தார், ஆசிரியர் இருந்தார், சிங்கப்பூரில் பெரிய சம்பளம் வாங்குபவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். நானோ இரண்டாம் பாரத்தோடு பள்ளியை விட்டவன். பல வேலைக்குப் போய், எதிலும் நிலைக்காமல், கடைசியில் ஒரு சைக்கிள் கடையில் சக்கரம் நிமிர்த்துகிறவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர்கள் எல்லோரும் என் பின்னால் வந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

இடது கண்ணாடி

அந்த ரோடுகள் எனக்கு லோரியில் பழக்கமானவை. பதினாறு பதினேழு வயதில் ஒரு காய்கறி லோரியில் கெலிண்டானாக, ஓட்டுநருக்குக் கையாளாக இருந்தேன். மூட்டை ஏற்றி இறக்குவது பாதி வேலை. மீதி வேலை, ஓட்டுநருக்கு இடது பக்கம் உட்கார்ந்து ஓரத்தைப் பார்ப்பது.

ஓட்டுநர் ஒரு சீனர். நான் அவரை அப்பெக், அதாவது பெரியவர், என்று கூப்பிடுவேன். லோரியின் இடது கண்ணாடி எப்போதோ உடைந்துபோனது. புதிது வாங்க அவருக்கு மனமில்லை. "நீ இருக்கியே, கண்ணாடி எதுக்கு?" என்பார் மலாயில். குறுகலான பாலம் வந்தால் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "போலே, போலே", போகலாம் போகலாம் என்று சொல்லிக்கொண்டே வருவேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும் வரை அவர் மிதித்துக்கொண்டே இருப்பார். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஒரு தடவை நான் தூங்கிவிட்டேன். லோரி ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரைச் சுரண்டி, முட்டைக்கோஸ் எல்லாம் ஆற்றில் விழுந்தது. அப்பெக் அடிக்கவில்லை. லோரியை ஓரம் கட்டிவிட்டு, "தூக்கம் வந்தா தூக்கம் வருதுன்னு சொல்லணும். சொல்லாம உக்காந்திருக்கக் கூடாது" என்றார். அன்று சாயங்காலமே வேலை போய்விட்டது. நான் சிகாமட்டுக்குப் போனேன்.

சிகாமட்டில் அந்த வருடம் வெள்ளம். ஒரு மளிகைக்கடையில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை கிடைத்தது. அரிசிச் சிப்பத்தைச் சைக்கிள் கேரியரில் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ரோடு எங்கே, வாய்க்கால் எங்கே என்று தெரியாது. எல்லாம் ஒரே பால் தேநீர் நிறம். ஆனால் முன்சக்கரம் தாரில் உருள்கிறதா, புல்லில் இறங்குகிறதா என்பது கைப்பிடியில் தெரிந்துவிடும். நான்கு நாள் அப்படிப் போனேன். ஒரு சிப்பம்கூட நனையவில்லை.

கண்ணுக்குத் தெரியாத ரோட்டிலும் என்னால் போக முடியும் என்கிற திமிர் அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

இல்லாமல் போன பக்கம்

செல்வம் விழுவதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே எனக்கு இடது பக்கம் குறைந்துகொண்டு வந்தது. முதலில் கதவு நிலையில் தோள் இடித்தது. பிறகு கடையில் இடப்பக்கம் வைத்த ஸ்பேனரைத் தேடினேன். ஒரு நாள் தேநீரைக் கிளாசுக்கு வெளியே ஊற்றினேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணில் அழுத்தம், இடது கண்ணின் நரம்பு கெட்டுவிட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற தினமும் சொட்டு மருந்து போடுங்கள் என்றார்கள்.

அது எப்படி இருக்கும் என்று கேட்டால், இருட்டாக இருக்காது. கறுப்பாக எதுவும் தெரியாது. அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது உங்களுக்கு இருட்டாகவா தெரிகிறது? அது மாதிரி.

வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னார். சைக்கிளைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கூட்டத்தில் யாருக்கும் சொல்லவில்லை. வேறு ஒரு வழி கண்டுபிடித்தேன். வாரத்தில் ஒரு நாள் கடை விடுமுறை. அன்று, டாக்டர் சொன்னதையும் மீறி, மோட்டார் சைக்கிளில் தனியாக அந்த வார ஞாயிற்றுப் பாதைக்குப் போவேன். மெதுவாக, தலையை முழுசாக இடது பக்கம் திருப்பி, ஒவ்வொரு குழியாகப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்வேன். மின்கம்பத்துக்கு இருபது அடி முன்னால் ஒன்று. நீலத் தகரக் கூரை வீட்டைத் தாண்டி இரண்டு. பள்ளியில் வாய்ப்பாடு தலையில் ஏறவில்லை. இது ஏறியது. ஞாயிற்றுக்கிழமை பார்க்காமலேயே கை காட்டினேன்.

ஒரு தடவை மச்சாப் பக்கம் ரோட்டுக்காரர்கள் இடையில் வந்து குழியை அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் சுத்தமான தாரைச் சுட்டிக்காட்டிக்கொண்டு போனேன். பின்னால் பத்தொன்பது பேரும் வரிசையாக அதையே சுட்டிக்காட்டினார்கள். கடையில் உட்கார்ந்தபோது ரஹீம் பாய் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்.

"அண்ணே செத்துப்போன குழிக்கு மரியாத பண்றாரு, பாத்தீங்களா? நாமளும் வரிசையா நின்னு பண்ணிட்டோம்!"

நானும் சிரித்தேன். செல்வம்தான் அதிகம் சிரித்தான்.

செல்வம் விழுந்த வாரம் அடைமழை. மோட்டார் சைக்கிளை எடுக்கவில்லை. பழைய குழிகள்தானே, தெரியும் என்று இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி நாற்காலியில்

ஏரியில் தூண்டில் போட வந்திருந்த ஒரு மலாய்க்காரர் தன் பிக்கப்பில் செல்வத்தை ஏற்றிக்கொண்டார். நான் கூடப் போனேன். ஒவ்வொரு மேட்டிலும் செல்வம் பல்லைக் கடித்தான்.

செல்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. வயது நாற்பத்து நான்கு. அவன் அப்பாவுக்கு இனிப்பு நீரால் ஒரு கால் போனது. இவனுக்கும் அது ஆரம்பித்தபோது டாக்டர் பயமுறுத்தி அனுப்பினார். அப்படித்தான் எங்களிடம் வந்தான். முதல் மாதம் ஒரு மேட்டில் ஏற முடியாமல் இறங்கித் தள்ளினான். மூன்று வருடத்தில் என் பின்சக்கரத்துக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டான். இரண்டாவது மாத்திரையை டாக்டர் நிறுத்திய அன்று எங்கள் எல்லோருக்கும் ரொட்டி சானாய் வாங்கிக்கொடுத்தான். தான் மட்டும் ஒரு முட்டை சாப்பிட்டான்.

குளுவாங் ஆஸ்பத்திரியில் அவன் கையைக் கட்டி உட்கார வைத்திருந்தபோது அவன் மனைவி கௌரி வந்து சேர்ந்தாள். தெப்ராவிலிருந்து காரை ஓட்டி வந்த வேகத்திலேயே பேச ஆரம்பித்தாள்.

"எப்படி விழுந்தீங்க? அத்தன பேரும் போறாங்க, ஒங்களுக்கு மட்டும் எப்படி குழி கெடைக்குது?"

செல்வம் தலையைக் குனிந்துகொண்டான்.

"எம் மேலதான் தப்பு. ஏரிய பாத்துட்டேன். மேலாப்புல பறவ பறந்துச்சு, அத பாத்துட்டேன். அண்ணே கை காட்டிருப்பாரு. நான் கவனிக்கல."

"ஏரிய பாக்கணும்னா கார்ல போலாம்ல? ஏசி போட்டு உக்காந்து பாக்கலாம்ல? எலும்ப ஒடச்சிட்டுத்தான் பாக்கணுமா?"

"சரி, விடு லா."

கௌரி என் பக்கம் திரும்பினாள். "நீங்க எவ்ளோ கவனமா கூட்டிட்டுப் போறீங்க அண்ணே. இவரு இப்படி இருந்தா நீங்க என்ன செய்வீங்க."

இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். வாயில் வார்த்தை இருந்தது. ஒரு நர்ஸ் வந்து கௌரியிடம் ஏதோ பாரத்தில் கையெழுத்து கேட்டார். அவள் எழுந்து போனாள். திரும்பி வந்தபோது வேறு பேச்சு. நானும் வேறு பேச்சு பேசினேன்.

விற்க வந்த சைக்கிள்

மூன்று வாரம் கழித்து செல்வம் எங்கள் சைக்கிள் கடைக்கு வந்தான். இடது கை தொட்டிலில். மைத்துனன் காரிலிருந்து சைக்கிளை இறக்கி வைத்தான். முன்சக்கரம் எட்டுப் போட்டிருந்தது.

"இத சரி பண்ணி யாருக்காச்சும் குடுத்துடுங்க அண்ணே."

"ஏன்?"

"எனக்கு ஒத்து வராது. ஒருத்தருக்குப் பின்னாடி போகக்கூட கவனம் இல்லாத ஆளு நானு. இன்னிக்கு நான் மட்டும் விழுந்தேன். நாளைக்கு என் பின்னாடி வர்ற பதினெட்டு பேரையும் தள்ளிவிட்டா? ராத்திரி படுத்தா அதான் நெனப்பு வருது."

அவன் போன பிறகு பக்கத்துக் கடையில் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். முன்பெல்லாம் தே ஓ கொசோங்தான் கேட்பான், சீனி போடாத தேநீர். அன்று இனிப்புப் பால் தேநீர், தே தாரிக், நுரை வழிய. இரண்டு கிளாஸ்.

சக்கரத்தை நிமிர்த்தினேன். கைப்பிடிக்குப் புது டேப் சுற்றினேன். நாலைந்து பேர் வந்து விசாரித்தார்கள். உயரம் சரிவராது, சட்டத்தில் கீறல் இருக்கிறது என்று ஏதேதோ சொல்லி அனுப்பினேன். ஒருவர் நல்ல மனிதர், ஆசைப்பட்டுக் கேட்டார். இதற்கு ஆள் இருக்கிறது என்றேன்.

கௌரி கூப்பிட்டாள். "அண்ணே, அந்த சைக்கிள் வித்துப்போச்சா?"

"இன்னும் இல்ல கௌரி."

"அவரு ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு எழும்பி ஹால்ல உக்காந்திருக்காரு. எதுக்கு எழும்புனீங்கன்னு கேட்டா பதில் இல்ல. நான் கத்துனேன் அண்ணே, இல்லன்னு சொல்லல. ஆனா விக்கச் சொல்லி நான் சொல்லல. போன வாரம் ரத்தம் எடுத்தாங்க, இனிப்பு ஏறிப்போச்சு. நீங்க சொன்னா கேப்பாரு. எல்லாருக்கும்தான் கவனம் தப்பும்னு நீங்க சொல்லுங்க அண்ணே."

நான் சொன்னால் கேட்பானாம். அவள் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

எனக்கு நடந்த கெடுதல்களில் எதையும் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பட்டினி கிடந்திருக்கிறேன், பஸ் நிலையத்தில் படுத்திருக்கிறேன். அதெல்லாம் வந்தது, போனது. ஆனால் இதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அதற்கு மேல் என்னிடம் இழக்க எதுவும் இல்லை என்பதால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொள்ள இன்னொருவன் உடம்பைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கணக்கு இவ்வளவுதான்.

எத்தனை விரல்

மறுநாள் காலை அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டே அவன் வீட்டுக்குப் போனேன். தெப்ராவில் வரிசை வீடு. செல்வம் வாசலில் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கௌரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கலயா யாரும்?" என்றான்.

"செல்வம், அன்னிக்கு நான் கை காட்டல."

அவனுக்குப் புரியவில்லை. "எப்ப?"

"செம்ப்ரோங்ல. நீ ஏரிய பாத்ததால விழல. நான் கை காட்டவே இல்ல. எனக்கு அந்தக் குழி தெரியல."

"ஒரு தடவ தவறுறது தானேண்ணே. எல்லாருக்கும்..."

"தவறல. எனக்கு எடது பக்கம் கண்ணு தெரியாது. ரெண்டு வருஷமா."

கௌரியின் கையில் பிழிந்த சட்டை அப்படியே நின்றது. செல்வம் எழுந்தான். என் இடது பக்கம் வந்து நின்றான். வந்தான் என்பது செருப்புச் சத்தத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

"எத்தன வெரலு?"

"கைய தூக்கியிருக்கியா?"

தூக்கிய கை தொடையில் விழும் சத்தம் கேட்டது.

"அலமாக்" என்றான் மெதுவாக. பிறகு குரல் ஏறியது. "ரெண்டு வருஷம்! இருவது பேரு! லோரி போற ரோட்டுல! அந்த குழி கை காட்டுனதெல்லாம்?"

"மனப்பாடம்."

"மனப்பாடமா?" சிரிப்பா, அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. "பாய் சிரிச்சாரே, செத்துப்போன குழின்னு. நானும் சிரிச்சேனே."

கௌரி சட்டையை வாளியில் போட்டுவிட்டு வந்தாள்.

"ஆஸ்பத்திரியில நான் ஒங்கள பாத்து சொன்னேனே அண்ணே. நீங்க வாயத் தொறக்கல. அதுக்கப்புறம் நான் இவர திட்டாத நாளு இல்ல. கவனம் இல்லாத மனுஷன், கவனம் இல்லாத மனுஷன்னு. அந்தத் திட்டு எல்லாம் யாருக்கு?"

"எனக்குத்தான், கௌரி."

"அப்ப வாங்கிக்குங்க" என்றாள். வாங்கிக்கொண்டேன். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் திட்டினாள். ஒரு வார்த்தையும் அநியாயம் இல்லை. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் கௌரி கேட்டாள்: "மருந்து போடுறீங்களா?"

"போடுறேன்."

செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சைக்கிள வச்சிட்டுப் போங்க."

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நடந்து வந்தேன்.

பாய் கடையில்

அடுத்த ஞாயிறு மழை. யாரும் ஓட்டவில்லை. பாய் கடையில் கூடியிருந்தவர்களிடம் சொன்னேன். எழுந்து நின்று சொன்னேன். உட்கார்ந்து சொன்னால் முடிக்க மாட்டேன் என்று பயம்.

யாரும் கத்தவில்லை. அதைவிட மோசம், எல்லோரும் மனதுக்குள் பழைய ஞாயிறுகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். முகத்தில் தெரிந்தது. இரண்டு பேர் காசை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அதில் ஒருவர் இன்றுவரை திரும்பி வரவில்லை. அவர் தன் பெண் பிள்ளையையும் எங்களோடு ஓட்டக் கூட்டி வந்திருந்தார். அவர் செய்தது சரி.

ரஹீம் பாய் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "பாதைய யாருக்கு சொல்லிக் குடுக்கப் போறீங்க?"

"யாரு கேக்குறாங்களோ அவங்களுக்கு."

"கேக்க ஆளு வரும். அது வரைக்கும் ஓரமா உக்காருங்க" என்றார். அன்று நான் சாப்பிட்டதற்கு அவர் காசு வாங்கிக்கொண்டார். வழக்கமாக என்னிடம் வாங்க மாட்டார்.

கேட்க ஆள் வர இரண்டு மாதம் ஆனது. எலும்பு கூடி, தொட்டில் கழன்ற பிறகு, செல்வம் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தான். கையில் ஒரு பள்ளி நோட்டு. மகனுடையதாக இருக்கும், அட்டையில் கார் படம்.

"சொல்லுங்க" என்றான். "மச்சாப்லேர்ந்து."

சொன்னேன். அவன் எழுதினான். எந்த கேட், எந்த நாய், எங்கே ரோடு சரியும், எங்கே லோரி திடீரென்று தோட்டத்திலிருந்து வெளியே வரும். மூன்று சாயங்காலம் ஆனது. நடுவில் என் முகத்தை அவன் அதிகம் பார்க்கவில்லை.

நோட்டை மூடும்போது சொன்னான்: "நீங்களும் வாங்க. ஆனா ஒங்க பின்னாடி நான் வர மாட்டேன்."

"யாரும் வர வேணாம். நான் கடைசில வரேன்."

கடைசி ஆள்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கடைசி ஆளாக ஓட்டினேன். முன்னாலிருப்பவர் காட்டும் கை எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு சைக்கிள் நீளம் விட்டு, கொஞ்சம் இடது ஓரமாக ஓட்டினேன். அப்போதுதான் அவர்கள் எல்லோரும் என் வலது கண்ணுக்குள் வருவார்கள். எனக்கு முன்னால் பாய். அவர் முதுகு சுவர் மாதிரி. வரிசையின் தலையில் செல்வத்தின் மஞ்சள் சட்டை ஒரு பொட்டு போலத் தெரிந்தது.

மச்சாப் தாண்டி, தோட்டம் தாண்டி, செம்ப்ரோங் ஓரத்துக்கு வந்தோம். அந்த இடம் வந்தது. குழியை அடைத்திருந்தார்கள். செல்வம் வேகத்தைக் குறைக்கவில்லை.

அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எனக்குப் பின்னால் ஒரு சத்தம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி. கியர் மாற்றுகிற விதத்திலேயே பாரம் தெரிந்தது. இந்த மாதிரிச் சத்தத்துக்குள் உட்கார்ந்துதான் நான் வளர்ந்தேன். ரோடு அங்கே குறுகும். முன்னால் இருப்பவர்கள் இரண்டிரண்டாகப் பேசிக்கொண்டு நடுவில் விரிந்திருந்தார்கள். காற்று எதிர்க்காற்று. அவர்களுக்கு இன்னும் கேட்டிருக்காது.

கடைசி ஆள் கத்த வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் அதுவரை கத்தியதில்லை. பதினோரு வருடமும் முன்னால்தானே இருந்தேன்.

"லோரி! பின்னாடி லோரி!"

பாய் அதை வாங்கி முன்னால் கத்தினார். அவருக்கு முன்னால் இருந்தவர் கத்தினார். குரல் ஒவ்வொரு வாயாக மாறி, ஆண் குரல், பெண் குரல், ஒரு சீனக் குரல் என்று முன்னால் ஓடியது. ஓட ஓட, விரிந்திருந்த வரிசை ஒற்றைக் கோடாக ஒடுங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெகு தூரத்தில், எல்லோருக்கும் கடைசியாக, செல்வத்தின் குரல் கேட்டது.

"லோரி!"

மஞ்சள் சட்டை ஓரத்துக்கு ஒதுங்கியது. லோரி எங்கள் எல்லோரையும் கடந்து போனது.